முனிர்காவில் ஆறு நாள்: மகள் நடக்கும் வழி

2023 பிப்ரவரி 7, செவ்வாய்

தைப்பூசத்தன்று ராத்திரி சென்னை சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினேன். 33 மணி நேரப் பயணம். இன்று காலை புது டெல்லியில் இறங்கியாகிவிட்டது. குளிர் நான் பயந்த அளவுக்கு இல்லை, ஒரு ஸ்வெட்டர் போதும்.

ஊர் பார்க்க வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகள் இங்கே வேலைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. தினமும் இரவு ஒன்பதேகாலுக்கு அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வார்த்தை வரும்: "வந்துட்டேன்". அது ஒன்பதரை வரைக்கும் வராவிட்டால் தஞ்சாவூரில் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. மெட்ரோ நிலையத்திலிருந்து அவள் தங்கியிருக்கும் விடுதிக்கு (பி.ஜி. என்கிறார்கள், பேயிங் கெஸ்ட்) எட்டு நிமிட நடை. ஏழு மாதமாக நான் கண்ணை மூடினால் அந்த எட்டு நிமிடம்தான் வருகிறது. நான் பார்க்காத தெரு, ஆனால் என் மனதில் அது எப்போதும் இருட்டாகவே இருந்தது. அதை என் காலால் நடந்து பார்த்துவிட வேண்டும் என்று வங்கியில் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

மகள் பாதி நாள் லீவு எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். மெட்ரோவில் பைகளைச் சோதிக்கும் இடத்தில் பெண்களுக்குத் தனி வரிசை. அப்புறம் நடைமேடையில் தரையில் ரோஸ் நிறத்தில் குறி போட்டிருக்கிறார்கள். அங்கே நின்றால் முதல் பெட்டி. 2010 அக்டோபர் 2 முதல் வண்டி போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும். ஆண்கள் ஏறினால் 250 ரூபாய் அபராதம்.

அந்தப் பெட்டியில் நான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பெண்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வாயை லேசாகத் திறந்துகொண்டு, பை மடியிலிருந்து சரிவது தெரியாமல், பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாத பெண்ணின் தோளில் தலை சாய்த்து. ஒருத்தி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில், ரயிலில், நாம் எப்போதும் உடம்பைச் சுருக்கி, பையை நெஞ்சோடு அணைத்து, ஓரக்கண்ணால் சுற்றிலும் பார்த்தபடி உட்காருவது பழகிப் போனதால் அது ஒரு வேலை என்றே நமக்குத் தோன்றுவதில்லை. அந்த வேலையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஐம்பது பெண்களை ஒரே இடத்தில் இன்றுதான் பார்த்தேன்.

ஹவுஸ் காஸில் மாற வேண்டும். தரைக்குக் கீழே 29 மீட்டர் ஆழத்தில் இருக்கிற நிலையம். எஸ்கலேட்டர் இறங்கிக்கொண்டே இருக்கிறது. அங்கிருந்து மெஜந்தா லைனில் மூன்றாவது நிலையம் முனிர்கா, மகள் தங்கியிருக்கும் இடம்.

பி.ஜி.யில் விருந்தாளிக்கு ஒரு நாளைக்கு 300 ரூபாய். மகளின் அறையில் மூன்று கட்டில். ஒன்று இப்போது காலி, அது எனக்கு. இன்னொன்றில் மணிப்பூர்ப் பெண் ஒருத்தி இருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று "ஆன்ட்டி, சாப்பிட்டீர்களா?" என்று இந்தியில் கேட்டாள். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பதில் சொன்னேன். அசதி. மீதி நாளைக்கு.

பிப்ரவரி 8, புதன்

பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை, இரண்டு தடவை நடந்தேன்.

முனிர்கா ஒரு பழைய கிராமம். நகரம் வளர்ந்து சுற்றி வளைத்துக்கொண்டது, கிராமம் நடுவில் அப்படியே நின்றுவிட்டது. வீட்டுக்கு வீடு வாசலில் தோக்கஸ் என்ற பெயர். இங்கே பரம்பரையாக இருக்கும் ஜாட் குடும்பத்தார். வயலெல்லாம் போனபின் மாடிக்கு மேல் மாடி கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். சந்துகள் இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டிய அகலம்தான். தலைக்கு மேலே கறுப்பு வயர்கள் பின்னிக் கிடக்கின்றன. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் பக்கம் என்பதால் எங்கு பார்த்தாலும் மாணவர்கள், அதில் வடகிழக்குப் பிள்ளைகள் நிறைய.

எனக்குப் பயமாக இருந்தது இந்தச் சந்துகள்தான். படத்தில் பார்த்தபோதே வயிற்றைக் கலக்கியது. ஆனால் மகள் சொன்னாள்: "சந்துக்குள்ள வந்துட்டா எனக்கு நிம்மதிம்மா. வெளியில இருக்கிற மெயின் ரோடுதான் கஷ்டம்."

இரவு எட்டே முக்காலுக்கு நிலைய வாசலில் போய் நின்றேன். அவள் வேலை பார்க்கும் ஓக்லாவிலிருந்து இது ஒன்பதாவது ஸ்டேஷன். கூட்டத்தில் அவள் வெளியே வந்ததைப் பார்த்தேன். உடனே கூப்பிடவில்லை. கொஞ்ச தூரம் பின்னாலேயே போனேன், அவள் எப்படி நடக்கிறாள் என்று பார்க்க.

என் மகள் வீட்டில் கையை வீசிக்கொண்டு, பாடிக்கொண்டு நடப்பவள். இங்கே வேறு பெண் போல இருந்தாள். நிலையப் படி இறங்கியதும் முதுகுப் பையைக் கழற்றி முன்பக்கம் மாட்டினாள். காதில் இயர்போன். போனைக் காதோடு வைத்து யாரிடமோ பேச ஆரம்பித்தாள். நடைபாதை இருந்தும் அதில் ஏறாமல் ரோட்டோரமாக, வண்டிகள் வரும் பக்கமாக நடந்தாள். ஒரு தெருவிளக்கின் அடியில் வந்ததும் தரையைப் பார்த்தாள். பின்னால் வருபவரின் நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்கிறாள் என்பது எனக்கு உடனே புரிந்தது. அந்த நிழல் என்னுடையது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை, "பாப்பா" என்று கூப்பிட்டுவிட்டேன்.

நின்று திரும்பினாள். வலது கையில் அறைச் சாவி, விரல்களுக்கு நடுவே முனை வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

"யாரோட பேசிட்டு வந்தே?"

"யாரும் இல்லம்மா. சும்மா பேசுற மாதிரி. இயர்போன்லயும் பாட்டு எதுவும் ஓடல."

"நடைபாதையில ஏன் ஏறல?"

"அங்க பாரு."

பார்த்தேன். நடைபாதைக்கு ஒரு பக்கம் நீளமான காம்பவுண்டுச் சுவர். இன்னொரு பக்கம் வரிசையாக நிறுத்திய கார்கள். மேலே வேப்பமரங்கள். தெருவிளக்கு மரத்துக்கு மேலே இருக்கிறது. வெளிச்சம் இலைமேல் விழுந்து, ரோட்டுக்குப் போய், நடப்பவருக்கு மட்டும் இல்லாமல் போகிறது. அந்தச் சுவரின் நீளம் 140 அடி வைப்பு. அதில் ஒரு ஜன்னல் கிடையாது, ஒரு வாசல் கிடையாது. எட்டு நிமிடத்தில் இந்த இரண்டு நிமிடம்தான் ஏழு மாதமாக என் தூக்கத்தைக் கெடுத்தது.

சுவர் முடியும் இடத்தில் ஒரு தள்ளுவண்டி. சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கரியில் சுட்டு, தோலை உரித்து, துண்டு போட்டு, மசாலா தூவி எலுமிச்சை பிழிந்து இலைத் தொன்னையில் கொடுக்கிறார். வண்டியில் பாட்டரியில் எரியும் ஒரு பல்பு. அவருக்குப் பத்தடி தள்ளி மரத்தடியில் இஸ்திரி போடும் அம்மாள். கரிப்பெட்டிதான். அவருக்கும் ஒரு பல்பு. பெண்கள் எல்லாரும் அவரை மௌசி என்கிறார்கள், நம் ஊரில் சித்தி, பெரியம்மா என்பது போல. ஒன்பதரை, பத்து மணி வரை இருவரும் இருப்பார்களாம். மகள் அந்த வெளிச்சத்துக்குள் கால் வைத்ததும் போனைப் பைக்குள் போட்டாள். சாவியையும்.

பிப்ரவரி 9, வியாழன்

காலையில் மலை மந்திர். ராமகிருஷ்ணபுரம் செக்டார் ஏழில், ஒரு சின்னக் குன்றின் மேல் சுவாமிநாத சுவாமி. 1973 ஜூன் 7 அன்று கும்பாபிஷேகம் நடந்த கோயில். டெல்லித் தமிழர்கள் கட்டிய கருங்கல் கோயில். படியேறும்போதே நம் ஊர் வந்துவிட்டது. பாறையில் பெரிதாக எழுதியிருக்கிறது: யாமிருக்க பயமேன். சின்ன வயதிலிருந்து வீட்டு முருகன் படத்தில் பார்த்த வரிதான். இன்று அதன் முன்னால் கொஞ்ச நேரம் நகராமல் நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேண்டிக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை.

கோயிலிலிருந்து முனிர்கா பஸ் ஸ்டாப் தூரமில்லை. போகலாமா வேண்டாமா என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். போனேன்.

2012 டிசம்பர் 16, ஞாயிறு இரவு. சாகேத்தில் ஒரு மாலில் சினிமா பார்த்துவிட்டு, 23 வயது பிசியோதெரபி மாணவியும் அவளுடைய நண்பரும் வீடு திரும்பக் கிளம்பினார்கள். துவாரகா வரை வர ஆட்டோக்கள் மறுத்துவிட்டன. ஒரு ஆட்டோ முனிர்கா வரை கொண்டு வந்து விட்டது. இந்த ஸ்டாப்பில் நின்றபோது ஒரு தனியார் பஸ் வந்தது, ஏறச் சொன்னார்கள், ஏறினார்கள். அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதப் போவதில்லை. எல்லாருக்கும் தெரியும். டிசம்பர் 29 அன்று சிங்கப்பூர் மருத்துவமனையில் அவள் இறந்தாள். நாடு அவளை நிர்பயா என்றது, பயமில்லாதவள் என்று.

பத்து வருடத்துக்குப் பிறகு அது ஒரு சாதாரண பஸ் ஸ்டாப். ஒருவர் வேர்க்கடலை விற்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பெண் பிள்ளைகளுக்கு நாம் என்னென்ன சொல்லி அனுப்புகிறோம்? தனியாகப் போகாதே. ரொம்ப நேரம் ஆக்காதே. ஆள் நடமாட்டம் இருக்கிற இடத்தில் நில். பஸ்ஸில் வா. அந்தப் பெண் தனியாகப் போகவில்லை. மணி ஒன்பது சொச்சம்தான். நின்றது மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப். ஏறியது பஸ். நாம் சொல்லிக் கொடுத்த அத்தனையையும் அவள் செய்திருக்கிறாள். வண்டிகளில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டக்கூடாது என்று அதே வருடம் ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்த பஸ்ஸின் ஜன்னல்களில் கறுப்பு ஸ்டிக்கரும் இருந்தது, திரையும் இருந்தது. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டவர்கள் வேறு ஆட்கள்.

அந்தக் குளிரில் விஜய் சௌக்கிலும் இந்தியா கேட்டிலும் பிள்ளைகள் தண்ணீர்ப் பீய்ச்சலையும் கண்ணீர்ப் புகையையும் தாங்கி நின்றதை டிவியில் பார்த்தது நினைவிருக்கிறது. நீதிபதி வர்மா குழு 29 நாளில் அறிக்கை கொடுத்தது. ஏறக்குறைய 80,000 பேர் அந்தக் குழுவுக்கு யோசனைகள் எழுதி அனுப்பினார்கள். 2013இல் சட்டம் திருத்தப்பட்டது. பின்னாலேயே தொடர்ந்து வந்து தொல்லை கொடுப்பது தனிக் குற்றம் என்று அப்போதுதான் சட்டப் புத்தகத்தில் ஏறியது. நாம் எத்தனை தலைமுறையாக அதை அனுபவித்தோம், அதற்கு ஒரு பிரிவு எண் கிடைக்க 2013 ஆகியிருக்கிறது.

எனக்கு 1998 ஞாபகம் வந்தது. சென்னையில் பி.காம். இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஜூலையில்தான் ஆட்டோவில் வந்தவர்களின் அட்டகாசத்தில் கல்லூரி மாணவி சரிகா ஷா உயிரிழந்தார். தமிழ்நாட்டு அரசு உடனே ஈவ் டீசிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. எங்கள் வீட்டிலும் ஒரு சட்டம் வந்தது. அப்பா ஊரிலிருந்து ரயிலேறி வந்து, "சாயங்கால டைப்ரைட்டிங் கிளாஸ் இனிமே வேண்டாம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சினார். நானும் சரி என்றேன். லோயர் பாஸ் செய்திருந்தேன். ஹையர் எழுதவே இல்லை. யாரும் என்னை எதுவும் செய்யவில்லை, எனக்கு எந்த ஆபத்தும் வரவில்லை, போலீஸ் கணக்கில் நான் எங்கும் இல்லை. ஆனால் ஹையர் போயிற்று.

பிப்ரவரி 10, வெள்ளி

இன்று பகலில் பஸ். மகள் "615 ஏறு, மாணவர் பஸ், பயமில்லை" என்று சொல்லியிருந்தாள். கண்டக்டர் காசு கேட்காமல் ரோஸ் நிறச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். டெல்லியில் பெண்களுக்குப் பஸ்ஸில் இலவசம் 2019 அக்டோபரில் வந்தது; நம் ஊரில் 2021 மே மாதம் வந்தது. நம் ஊரில் இது வந்தபிறகு தஞ்சாவூர் டவுன் பஸ்களில் கூலி வேலைக்குப் போகிற பெண்கள் எவ்வளவு பேர் என்பதை நான் தினமும் பார்க்கிறேன். காசு மிச்சம் என்பது ஒரு பக்கம். பஸ்ஸில் பெண்கள் எண்ணிக்கை கூடினால் பஸ்ஸே வேறு இடமாகிவிடுகிறது.

அதை இன்று கண்ணால் பார்த்தேன். ஒரு கல்லூரிப் பெண்ணின் பின்னால் ஒருவன் தேவையில்லாமல் ஒட்டி நின்றான். அவள் ஒரு அடி நகர்ந்தாள், அவனும் நகர்ந்தான். எனக்கு நெஞ்சு படபடத்தது, மொழி தெரியாத ஊரில் என்ன சொல்வது என்று தவித்தேன். அதற்குள் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எழுந்து, பையை அவன் கால் மேலேயே பொத்தென்று வைத்து, "பாய் சாஹப், பீச்சே!" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். பின்னால் போ என்று. நாலைந்து பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த ஸ்டாப்பில் அவன் இறங்கிவிட்டான். அந்தப் பெண் பாட்டிக்கு நன்றி சொல்லவில்லை, பாட்டியும் எதிர்பார்க்கவில்லை. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

மத்தியானம் சாந்தினி சௌக். செங்கோட்டையிலிருந்து ஃபதேபுரி மசூதி வரை 1.3 கிலோமீட்டர், காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டி கிடையாது. 2021இல் இப்படி மாற்றியிருக்கிறார்கள். அவ்வளவு நெரிசலிலும் நடுவில் உட்காரக் கல் இருக்கைகள். நான் அரை மணி நேரம் ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்தேன். ஒரு பெண் தெருவில் சும்மா உட்கார்ந்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்காத இடம் எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் இன்று எழுத வேண்டியது இரவு நடந்தது.

எட்டே முக்காலுக்கு வழக்கம்போல நிலையத்துக்குக் கிளம்பினேன். சந்துகளைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்ததும் ஏதோ தப்பாக இருந்தது. என்னவென்று தெரிய ஒரு நிமிடம் ஆனது. கிழங்கு வண்டி இல்லை. இஸ்திரி மேஜை இல்லை. இரண்டு பல்பும் இல்லை. மரத்தடியில் கரித்தூள் மட்டும் கறுப்பாகக் கிடந்தது. மருந்துக்கடைக்காரர் சொன்னார், மத்தியானம் லாரி வந்து தள்ளுவண்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம், ரோட்டை ஆக்கிரமிக்கிறார்கள் என்று. மௌசி மேஜையை மட்டும் எப்படியோ சந்துக்குள் இழுத்துவிட்டாராம்.

அதே ரோடு. அதே சுவர், அதே கார்கள், அதே தெருவிளக்கு. கம்பத்தில் கேமராகூட இருக்கிறது. டெல்லி முழுக்க இரண்டரை லட்சத்துக்கும் மேல் வைத்திருப்பதாக அரசு சொல்கிறது. எனக்கு 45 வயது, கையில் ஒரு துணிப்பை தவிர ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த 140 அடி வைப்பையும் நான் ஓட்டமும் நடையுமாகத்தான் கடந்தேன். கேமரா நாளைக்குப் பார்க்கும். கிழங்கு விற்பவர் இப்போதே பார்ப்பார்.

தெருவோர வியாபாரிகளைக் காக்க 2014இலேயே சட்டம் வந்துவிட்டது. அந்த இருவரும் அந்த ரோட்டுக்கு என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை லாரியில் வந்தவர்கள் ஒரு தடவை இரவு ஒன்பது மணிக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 11, சனி

மகளுக்கு இன்று லீவு. அவளும் மணிப்பூர்ப் பெண்ணும் நானும் சேர்ந்து ஒரு வேலை செய்தோம்.

சேஃப்டிபின் என்று ஒரு செயலி. கல்பனா விஸ்வநாத் என்பவர் 2013இல் தொடங்கியது. அவர் அதற்கு முன்னால் ஜாகோரி என்ற டெல்லிப் பெண்கள் அமைப்போடு சேர்ந்து தெருத் தெருவாக நடந்து தணிக்கை செய்தவர். ஒரு இடத்தில் நின்று ஒன்பது விஷயங்களுக்கு மதிப்பெண் போட வேண்டும். வெளிச்சம் எப்படி, திறந்த இடமா, யாராவது நம்மைப் பார்க்கிற மாதிரி ஜன்னலோ கடையோ இருக்கிறதா, ஆள் நடமாட்டம், காவல், நடைபாதை, பக்கத்தில் பஸ்ஸோ மெட்ரோவோ, அங்கே இருப்பவர்களில் பெண்கள் குழந்தைகள் எத்தனை. கடைசியாக, உங்கள் மனதுக்கு எப்படி இருக்கிறது. அந்தக் கடைசிக் கேள்வியைப் படித்ததும் இதைச் செய்தவர் இரவில் நடந்தவர்தான் என்று தோன்றியது.

இரவு ஒன்பது மணிக்குச் சுவரோரம் நின்று மதிப்பெண் போட்டோம். வெளிச்சம் குறைவு. ஜன்னல் இல்லை. பத்து நிமிடம் எண்ணினோம்: கடந்தவர்கள் முப்பத்தொரு பேர், அதில் பெண்கள் நான்கு, அந்த நான்கு பேரும் வேகமாக.

எதிரே மதில் கட்டிய ஒரு காலனி. அதன் பக்க கேட்டை இருட்டினதும் பூட்டிவிடுவார்களாம், உள்ளே இருப்பவர்களின் பாதுகாப்புக்காக. உள்ளே விளக்கு ஜொலிக்கிறது, வாட்ச்மேன் நாற்காலியில் இருக்கிறார். பூட்டுப் போட்டதால் அந்தப் பக்கத்திலிருந்து வருகிற நடமாட்டமும் நின்றுபோய், வெளியே ரோடு இன்னும் வெறிச்சென்று இருக்கிறது. உள்ளே இருப்பவர்களின் பயத்தை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது போல இருந்தது எனக்கு.

"ஆள் இருந்தா போதுமா ஆன்ட்டி?" என்று மணிப்பூர்ப் பெண் கேட்டாள். அவளுக்குச் சுவரைவிட ஆள் கூடும் கடைத்தெருதான் பயம். முகத்தைப் பார்த்துச் சொல்கிற வார்த்தைகள். 2014 ஜனவரியில் லஜ்பத் நகரில், தலைமுடியைக் கேலி செய்ததில் தொடங்கிய தகராறில் அடிபட்டு, அருணாசலப் பிரதேசத்து மாணவன் ஒருவன் இறந்தான். "அது ஆள் நிறைந்த மார்க்கெட், ஆன்ட்டி."

எனக்குப் பதில் இல்லை. நம் சென்னையில், 2016 ஜூனில், நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், காலை ஆறரை மணிக்கு, ஆட்கள் நின்றுகொண்டிருந்த நடைமேடையில்தான் ஒரு இளம் பெண் வெட்டிக் கொல்லப்பட்டாள். அங்கே ஆட்கள் இருந்தார்கள். ஆள் இருப்பது வேறு, நம்மைத் தெரிந்த ஆள் இருப்பது வேறு. மௌசிக்கு என் மகள் எந்த அறை, எந்தக் கிழமை துணி போடுவாள், எந்தச் சுடிதாரில் சாயம் போகும் என்பது வரை தெரியும். நேற்று பஸ்ஸில் எழுந்த பாட்டிக்கு யாரையும் தெரியாது, ஆனால் அந்த பஸ் அவருடையது என்ற எண்ணம் இருந்தது.

அறைக்கு வந்து பேச்சு நீண்டது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருடா வருடம் சொல்கிறது, பாலியல் வன்முறை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர் என்று. அப்படியானால் இந்தத் தெருப் பயம் தேவையில்லாததா? நான் அப்படி நினைக்கவில்லை. விசில், கூடவே உருட்டிக்கொண்டு வரும் பைக், தெரியாமல் பட்டது போல ஒரு கை. இதையெல்லாம் யார் போய் ஸ்டேஷனில் எழுதுகிறார்கள்? கணக்கில் ஏறாத அந்தச் சின்னச் சின்ன அனுபவங்கள் சேர்ந்துதான் இந்தப் பயம் ஆகிறது.

டெல்லிப் பல்கலைக்கழக மாணவ மாணவிகளை வைத்து கிரிஜா போர்க்கர் என்ற பொருளாதார ஆய்வாளர் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். பாதுகாப்பான வழியில் போய்வர வேண்டும் என்பதற்காகப் பெண்கள் தங்களுக்குக் கிடைக்கிற நல்ல கல்லூரியை விட்டுவிட்டு அதைவிடத் தரம் குறைந்த கல்லூரியில் சேர்கிறார்கள்; பாதுகாப்பான வழிக்காக ஆண்களைவிட ஆண்டுக்கு 18,800 ரூபாய் கூடுதலாகச் செலவழிக்கத் தயாராக இருக்கிறார்கள். இதை நான் மகளிடம் ஒரு செய்தியாகத்தான் சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள், "எனக்கு குர்கான்ல ஒரு வேலை கிடைச்சுதும்மா. மாசம் ஆறாயிரம் அதிகம். மெட்ரோவிலிருந்து இறங்கி இருபது நிமிஷம், ஹைவே ஓரம். ஒரு தடவை போய்ப் பார்த்தேன். வேணாம்னு எழுதிட்டேன். உன்கிட்ட சொன்னா பயப்படுவேன்னு சொல்லல."

மாதம் 6,000. வருடத்துக்கு 72,000. நான் வங்கியில் வேலை பார்ப்பவள், மனசு தானாகவே கணக்குப் போட்டுவிட்டது. அப்பா என்னிடம் டைப்ரைட்டிங் கிளாஸ் வேண்டாம் என்று கெஞ்சியாவது சொன்னார். இவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளே பார்த்து, அவளே விட்டுக்கொடுத்து, அவளே மறைத்தும் வைத்திருக்கிறாள். நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இருட்டில் மணிப்பூர்ப் பெண் எழுந்து எங்களுக்கு டீ போட்டாள்.

பிப்ரவரி 12, ஞாயிறு. ரயிலிலிருந்து

இன்று காலையில் துணி கொடுக்கப் போன மகள் ஓடி வந்தாள். மௌசி மேஜையை மறுபடி மரத்தடிக்கு இழுத்துவிட்டார். கிழங்கு வண்டி இன்னும் வரவில்லை. மீட்க அபராதம் கட்ட வேண்டுமாம். நான் போய் மௌசியிடம் உட்கார்ந்தேன். ஒரு துணிக்கு ஏழு ரூபாய். கரியை ஊதிக்கொண்டே அவர் இந்தியில் சொன்னதில் எனக்குப் புரிந்தது பாதி: மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்துவிட்டார், இந்த மரத்தடியில் பதினாறு வருடம், ராத்திரி இந்த வழியில் வருகிற பெண்கள் எல்லாரையும் முகம் தெரியும். நான் என் மகளைக் காட்டி, "இவள்" என்று மட்டும் சொன்னேன். மேற்கொண்டு எனக்கு இந்தி வரவில்லை. அவர் என் கையைப் பிடித்துத் தலையாட்டினார்.

பல்பு ஒன்று வாங்கிக் கொடுக்கட்டுமா என்று மகளைக் கேட்கச் சொன்னேன். இருக்கிறதே என்று காட்டினார். அப்புறம் யோசித்து, இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது என்றார். வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். செயலியில் போட்டது போக, அந்தச் சுவரோர விளக்கைப் பற்றியும் மரக்கிளையைப் பற்றியும் மகளும் தோழியும் சேர்ந்து மாநகராட்சிக்கு எழுதியிருக்கிறார்கள். கூடவே கிழங்கு வண்டியைப் பற்றியும். பி.ஜி.யில் இருக்கும் பதினேழு பெண்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

இரவு வண்டி. ஸ்டேஷனுக்கு வராதே, திரும்பித் தனியாகப் போக வேண்டும் என்று எவ்வளவோ சொன்னேன். "அப்ப நீ எதுக்கும்மா வந்தே?" என்று கேட்டாள். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. வந்தாள். ஜன்னலோரம் நின்று கையாட்டிவிட்டு, கூட்டத்தில் திரும்பிப் பார்க்காமல் மெட்ரோவை நோக்கி நடந்தாள். பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டுதான்.

வண்டி கிளம்பி ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. இதை எழுதிக்கொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹவுஸ் காஸில் மாறியிருப்பாள். முனிர்கா வந்திருக்கும். படி இறங்கியிருப்பாள். கார்கள், வேப்பமரம், சுவர். ஆறு நாளுக்கு முன்னால் எனக்கு அந்த வழி முழுக்க இருட்டு. இப்போது எந்த இடத்தில் கிளை தாழ்ந்திருக்கிறது, எந்த இடத்தில் கல் பெயர்ந்திருக்கிறது என்பது வரை தெரியும். நூற்று முப்பத்தெட்டு, நூற்று முப்பத்தொன்பது என்று மனதுக்குள் எண்ணினேன்.

இப்போதுதான் வந்தது.

"வந்துட்டேன்மா. மௌசி இன்னும் கடையை எடுத்து வைக்கல, புது பல்பு போட்டு உட்கார்ந்திருந்தாங்க. உங்க அம்மா வண்டி ஏறிட்டாங்களான்னு கேட்டாங்க."